கல்லுக்கு அடங்கின சாந்து

பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்காகக் கூட்டிப் போயிருந்தேன். 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. டாக்டர் பார்த்து முடித்து, சொட்டு மருந்து சீட்டும் வாங்கி வெளியே வந்தால் ஆளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு பழைய கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறார். அரசாங்கம் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் இரண்டு செங்கலுக்கு நடுவே சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியைப் போடுங்க பெரியப்பா. வெயில் படக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க?"

"இரு பாப்பா. கல்லு இவ்ளோ செவப்பாவா இருக்கும்? நான் இத்தனை வருசமா பழுப்புன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு நாற்பத்திமூன்று வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

பெரியப்பா கொத்தனார். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிராமத்தில் அவர் கை படாத வீடு குறைவு. பதினான்கு வயதில் கையாளாகப் போய், அறுபத்தைந்தில் கரண்டியைக் கீழே வைத்தார். சென்னைக்குப் பலமுறை வந்திருக்கிறார், எல்லாம் கல்யாணம், கருமாதி என்று. ஊரைப் பார்க்க வந்ததில்லை. எனக்கும் சென்னையில் இருபது வருடம் ஓடிவிட்டது. பழைய கட்டடங்கள் என்றால் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றால், கோபுரத்தையும் கடிகாரத்தையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு. சுவரை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"மேல என்னத்தப் பாக்குற? மூலையப் பாரு" என்றார்.

சரி, மூலையைப் பார்த்தேன். அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். செங்கலின் நீளம் ஏறக்குறைய ஒன்பது அங்குலம், அகலம் அதில் பாதி. நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இருப்பதால்தான் சுவருக்குள் கல்லை நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி வைக்க முடிகிறது. ஒரு வரியில் கல்லின் நீளம் வெளியே தெரியும், அடுத்த வரியில் அகலம் மட்டும் தெரியும். பாலிடெக்னிக் பாடத்தில் இதற்கு இங்கிலிஷ் பாண்ட் என்று பெயர். ஒரே வரிக்குள் ஒரு கல் நீளமாகவும் அடுத்த கல் அகலமாகவும் மாறி மாறி வந்தால் ஃபிளமிஷ் பாண்ட். பெரியப்பாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. "ஒரு வரி நெட்டு, ஒரு வரி குறுக்கு" என்பார், அவ்வளவுதான். எப்படிக் கட்டினாலும் விதி ஒன்று: மேல் வரியின் இணைப்பு கீழ் வரியின் இணைப்புக்கு நேராக வந்துவிடக் கூடாது. நேராக வந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும்.

சுவரின் நடுப்பகுதியில் இது சுலபம். சிக்கல் மூலையில்தான். இரண்டு பக்கச் சுவரும் வந்து சேருகிற இடத்தில் கணக்கு இடிக்கும். அதற்காக ஒரு கல்லை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, இரண்டேகால் அங்குலம் முகம் தெரிகிற அந்தத் துண்டை மூலைக் கல்லுக்கு அடுத்து வைப்பார்கள். அப்போதுதான் மற்ற இணைப்பெல்லாம் கால் கல் தள்ளி விலகி நிற்கும். செங்கலைக் குறுக்கே உடைப்பது யாருக்கும் வரும். நீளவாட்டில் சிதறாமல் பிளப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும். கல்லும் நன்றாக வெந்திருக்க வேண்டும்.

அந்த மூலையில் தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை, ஒரு வரி விட்டு ஒரு வரி, அந்த ஒல்லித் துண்டு ஏறிக்கொண்டே போனது. ஏணிப்படி மாதிரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. பெரியப்பா விரலால் எண்ணிக்கொண்டே போனார். பதினேழாவதில் கை எட்டவில்லை.

அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. போகவில்லை.

*

பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்தோம். பெரும்பாலானவர்கள் நின்று பார்ப்பது, விக்டோரியா நினைவு மண்டபம் என்று 1906-ல் அடிக்கல் நாட்டி 1909-ல் திறந்த அந்த இளஞ்சிவப்புக் கட்டடத்தை. ஃபதேபூர் சிக்ரி சாயல், ஹென்றி இர்வின் வடிவமைத்தது. நானும் பெருமையாகக் காட்டினேன். பெரியப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "இது கல்லு ஒட்டுனது" என்றார். உண்மைதான். சத்தியவேட்டிலிருந்து வந்த மணற்கல்லை முகப்புக்குப் போர்த்தியிருக்கிறார்கள். "இது சிற்பி பாடு. நம்ம வேலைய காட்டு."

நம் வேலை என்று அவர் சொன்னதற்குச் சென்னையில் பஞ்சமில்லை. மலையிலிருந்து கருங்கல் வெட்டிக் கொண்டுவருவதைவிட ஏரி மண்ணை அறுத்துச் சூளை வைப்பது இந்தச் சமவெளியில் சுலபம். புரசைவாக்கத்தில் இன்றைக்கும் பிரிக்ளின் ரோடு இருக்கிறது. செங்கல் சூளைச் சாலை என்ற அர்த்தத்தில் இருந்த பிரிக் கில்ன் ரோடு என்பதைத்தான் பஸ் கண்டக்டர்கள் ஒரே மூச்சில் அப்படிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். சூளை என்ற பேட்டையும் பக்கத்திலேயே. சுண்ணாம்புக்கும் குறைவில்லை, கடற்கரை முழுக்கக் கிளிஞ்சல். தெற்கே சுண்ணாம்பு கொளத்தூர் என்று ஓர் ஊரே உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது வருடங்களில் இந்த ஊர் சிவந்தது. கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்தது, இர்வின் வரைந்தது என்று நிறையச் சொல்வார்கள். எனக்கு அவர்களைவிட சுவாரசியமான ஆள் நம்பெருமாள் செட்டியார். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால், கன்னிமாரா நூலகம் என்று வரிசையாக எடுத்துக் கட்டிய ஒப்பந்தக்காரர். சேத்துப்பட்டில் அவருக்கு நிறைய வீடுகள். கணித மேதை ராமானுஜன் 1920-ல் கண் மூடியது அவருடைய ஒரு வீட்டில்தான். வரைபடத்தில் வளைந்து நெளிந்து இருப்பதைச் செங்கல்லில் கொண்டுவரும் தலைவலி முழுக்க ஒப்பந்தக்காரருடையது. மூங்கில் மாதிரி உருண்ட விளிம்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி அச்சு. கூரை விளிம்பில் பல் வரிசை மாதிரி கல் துருத்தி நிற்க வேண்டுமென்றால் அதற்கு வேறு கணக்கு. சூளையில் கல் சுருங்கும். சுருங்கியபின் சரியான அளவு வருகிற மாதிரி அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். பச்சைக் கல்லிலேயே இதை யோசித்து வைத்த ஆள் யாரோ ஒருவர் சூளையடியில் இருந்திருக்கிறார்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போனோம். 1908-ல் திறந்தது, பெங்களூர் சாமிநாத பிள்ளை கட்டியது. விரிவாக்க வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்ததால் கிட்டே போக முடியவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றபடி வளைவுகளைப் பார்த்தோம். பெரியப்பாவின் கணக்கில் வளைவு கட்டுவது பெரிய வித்தையே இல்லையாம். அடியில் மரத்தில் வளைவாகச் சாரம் செய்து, அதன்மேல் இரண்டு பக்கமிருந்தும் கல்லை அடுக்கி வந்து உச்சியில் பூட்டிவிட்டால், சாந்து இறுகியதும் மரத்தை உருவிவிடலாம். கல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். "அந்த மரம் அடிக்கிறதுதான் சென்ட்ரிங்" என்றார். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடிப்பதைச் சென்ட்ரிங் என்கிறோமே, அந்தச் சொல் வளைவு கட்டிய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. வளைவு போய்விட்டது, சொல் மட்டும் கம்பிக்கடை போர்டில் நிற்கிறது.

சென்ட்ரல் நிலையத்தை 2005-ல் வெளிர் பழுப்புச் சாயம் பூசிவிட்டு, ஊரே சத்தம் போட்டபிறகு திரும்பச் சிவப்பு அடித்த கதையைச் சொன்னேன். பெரியப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"செங்கல்லு மேல செவப்பு பெயின்டா?"

"ஆமா."

"மல்லிப்பூவுக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

*

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதற்கடுத்து நடந்தது.

திரும்பி வருகிற வழியில் ஒரு பழைய கட்டடத்தின் பின்சுவர். எந்தக் கட்டடம் என்பது வேண்டாம். நல்ல சுவர்தான், நூறு வருடத்துக்குக் குறையாது. ஆனால் இடுப்பு உயரம் வரை ஏதோ தேன்கூடு மாதிரி இருந்தது. செங்கல் இருக்க வேண்டிய இடமெல்லாம் குழி. குழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சட்டம் போட்ட மாதிரி சாந்து மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. விரலை விட்டால் முதல் கணு வரை உள்ளே போனது. குழிக்குள் தொட்டதும் சிவப்பு மாவாகக் கொட்டியது. நான் படமெடுத்தேன். அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

"பழைய கல்லு, நைஞ்சு போச்சு போல" என்றேன்.

"கல்லு மேல பழி போடாத. மேல பாரு."

இடுப்புக்கு மேலே அதே சூளைக் கல், அதே வயது, முனைகூட மழுங்காமல் இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். மேலே இணைப்பில் இருந்தது பழைய சுண்ணாம்புக் காரை, வெளுத்து, ஓரிரு இடத்தில் உதிர்ந்து, நகத்தால் கீறினால் கீறு விழுகிற பதத்தில். கீழே யாரோ பழுது பார்க்கிறேன் என்று இணைப்பையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள்.

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் எனக்கு இது தலைகீழாகத்தான் தெரிந்திருந்தது. சாந்து எவ்வளவு கெட்டியோ சுவருக்கு அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். செங்கல் சுவர் தண்ணீர் குடிக்கும். மழையிலும் குடிக்கும், தரையிலிருந்தும் உறிஞ்சும். குடித்த தண்ணீர் வெயிலில் எங்காவது வழியாக வெளியே போயாக வேண்டும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெத்து, நுண்துளை அதிகம். ஈரம் அதன் வழியாகப் போய்விடும். ஈரத்தோடு வரும் உப்பும் சாந்திலேயே வந்து பூக்கும். பத்து இருபது வருடத்தில் சாந்து கொஞ்சம் உதிரும். சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அடி வாங்குவதற்கென்றே இருப்பது அது. நடுவில் சிமென்டை வைத்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். தண்ணீருக்குச் செங்கல்லின் முகத்தைத் தவிர வேறு வழி இருக்காது. உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி விரிந்து, கல்லின் தோலைப் பெயர்த்துத் தள்ளும். சிமென்ட் அசையாமல் நிற்கும், கல் மாவாகிப் போகும்.

"சாந்து கல்லுக்கு அடங்கி இருக்கணும்" என்றார் பெரியப்பா. "எங்க மேஸ்திரி சொல்லுவாரு. கல்லை மிஞ்சுன சாந்து வீட்டைக் கெடுக்கும்."

சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்துச் சாந்தாக்கினால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அவசரமே கிடையாது, வருடக்கணக்கில் இறுகும். மயிரிழை விரிசல் விட்டால், மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். கூடவே கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி மின்னியது என்று வெள்ளைக்காரர்கள் வாய் ஓயாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஊரில்தான் 1904-ல் இந்தியாவின் முதல் சிமென்ட் ஆலை முயற்சியும் நடந்தது. அதற்கும் மூலப்பொருள் கிளிஞ்சல். அந்த ஆலை நிலைக்கவில்லை. சிமென்ட் நிலைத்துவிட்டது.

பெரியப்பா அந்தச் சுவரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்.

"நம்ம வீட்டையும் நான் இப்படித்தான் பண்ணிட்டேன்."

எங்கள் ஊர் வீடு தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரையில் கட்டி, சுண்ணாம்பே பூசிய வீடு. 1994-ல் அத்தை கல்யாணம் வந்தது. பழைய பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். பெரியப்பாவே ஆள் வைத்துப் பழைய பூச்சைக் கொத்தித் தள்ளிவிட்டு, உள்ளும் புறமும் சிமென்ட் பூசி, மணியாசுக் கட்டை போட்டுத் தேய்த்து மழமழவென்று ஆக்கிக் கொடுத்தார். ஊரே பாராட்டியது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு வழுவழுப்பு.

நான்கைந்து வருடத்தில் ஓதம் அடிக்க ஆரம்பித்தது. முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு உயரம். பூச்சு அப்பளம் மாதிரி உப்பும், தட்டினால் டொக் டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்கும். ஒருநாள் அரிசி மூட்டை மேல் பலகை பலகையாக விழுந்தது. "அந்தக் காலத்துச் செவுரு, அவ்ளோதான் தாங்கும்" என்று எல்லோரும் தாத்தாவின் சுவரைத்தான் குறை சொன்னோம். பெரியப்பா மறுபடி சிமென்ட் பூசினார். மறுபடி விழுந்தது. விழுந்த பலகையைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் சிவப்பு மாவு ஒட்டியிருக்கும். அதை நானே கூட்டி அள்ளியிருக்கிறேன். செங்கல்லின் தோல் அது என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

"தெரியாமயா பண்ணீங்க? உங்க மேஸ்திரி சொன்னாருன்னீங்களே?"

"தெரியும். சுண்ணாம்புக்கு மாசக்கணக்குல வேலை பாப்பா. புளிக்க வெக்கணும், அரைக்கணும். அரைக்கிற ஆளும் இல்ல. சிமென்ட்டு மூட்டையப் பிரிச்சா அன்னிக்கே வேலை. அப்ப யாரு கேட்டா?"

இதற்கு நான் என்ன சொல்வது. என்னிடமும் பதில் இல்லை. என் அபார்ட்மென்ட்டும் சிமென்ட்தான்.

*

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவரே கேட்டு, ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். உயர் நீதிமன்றத்தை என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்தே பார்த்தார். அதன் உச்சிக் கோபுரம் 1894-லிருந்து 1977 வரை கலங்கரை விளக்காக இருந்தது என்றேன். "கோர்ட்டுக்கு மேல வெளக்கா" என்று சிரித்தார். மண்ணடிப் பக்கம் சந்துகளில் பாதி நேரம் கைவண்டிக்கு வழிவிடுவதிலேயே போனது. பழைய வீடுகளின் முகப்பில் இணைப்பு வெடித்த இடமெல்லாம் அரசங்கன்று முளைத்திருந்தது. காக்கை போடும் விதைக்குச் சுண்ணாம்புச் சாந்து நல்ல மண். சுண்ணாம்பின் பலவீனம் என்று அதையும் சொல்லத்தான் வேண்டும். கன்று விரல் கனத்தில் இருக்கும்போதே பிடுங்கினால் பிழைத்தது. விட்டுவிட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கி, வழக்கு போட்டு நிறுத்தினார்கள். அந்த வழக்கின் 2010 தீர்ப்பால்தான் பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் குழு, பட்டியல் எல்லாம் வந்தன. பட்டியலில் வராத சந்து வீடுகளைக் கேட்க ஆளில்லை.

அப்படி ஒரு வீட்டைத்தான் இடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் போய், மாடி குறுக்கே வெட்டின கேக் மாதிரி தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. மெட்ராஸ் டெரஸ். அடியில் தேக்கு உத்திரம், அதன்மேல் ஒரு சாண் இடைவெளியில் கட்டைகள். கட்டைக்கு மேல், விரல் கனமே உள்ள சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் நெருக்கி அடுக்கியிருந்தார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இத்தனையையும் நான் ஒரே பார்வையில் பார்த்தேன், ஓரத்தில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை.

உத்திரத்துக்கு ஏற்கெனவே விலை பேசி முடித்திருந்தார்கள். தேக்கு அல்லவா. செங்கல்லைச் சீண்டுவாரில்லை. பெரியப்பா அங்கிருந்த மேஸ்திரியிடம் போய், "நானும் கொத்தன்தான்பா" என்றார். என்ன பேசினார்களோ, பத்து நிமிடம் கழித்து லுங்கி மடிப்பில் இரண்டு டெரஸ் கல்லோடு வந்தார். கைக்கு அடக்கமாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்றின் மேல் சாந்து ஒட்டியிருந்தது. நகத்தால் தள்ளினார். சாந்து முழுசாகப் பெயர்ந்து வந்தது, கல் புதுசு மாதிரி சிவப்பாக இருந்தது.

"பாத்தியா, கல்லுக்கு வலிக்காம வருது."

போன மாதம் ஊரிலிருந்து பெரியம்மா போன் செய்தார். மனுஷன் கண் தெரிய ஆரம்பித்ததிலிருந்து வீட்டைக் கொத்திக்கொண்டிருக்கிறாராம். பின்கட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூச்சை உளி வைத்துப் பெயர்த்துவிட்டாராம். கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறார், வீடு முழுக்கத் தூசி, நீயாவது சொல்லேன் என்றார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"செவுரு பூரா வெள்ளையா உப்பு கக்குது பாப்பா. முப்பது வருசத்து உப்பு."

"கழுவி விட்டுடலாமா பெரியப்பா?"

"தண்ணி மட்டும் காட்டக்கூடாது. திரும்ப உள்ள போயிடும். காய்ஞ்ச தொடப்பத்தால தட்டித் தட்டி விடணும். பொங்கலுக்கு வருவல்ல? நீ வந்து தட்டு."